தோட்டத்து வேலியும் வாக்குச் சீட்டும்

வாக்குச் சீட்டு ஒரு துண்டுக் காகிதந்தான். எனினும் அந்தக் காகிதத்தைப் பெறுவதற்காக உழைக்கும் மக்கள் சிந்திய இரத்தமும் கண்ணீரும் கொஞ்சமல்ல. அது கைக்கு வந்துவிட்டால் மக்களாட்சியும் வந்துவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சரித்திரமோ வேறு விதமாகப் பேசுகிறது. சீட்டு யாருக்குக் கொடுக்கப்படுகிறது? அதில் என்ன கேட்கப்படுகிறது? அளித்த வாக்கின் பலன் எந்த எல்லைவரை செல்கிறது? இம்மூன்று வினாக்களுக்கும் நேரான விடை கிடைக்காத இடத்தில், வாக்குரிமை பாதி உரிமையாகவே நின்றுவிடுகிறது. இதை அறிந்துகொள்ள உலகத் தலைநகரங்களின் வரலாற்றைப் புரட்ட வேண்டியதில்லை. கண்டியிலிருந்து கிழக்கே மகியங்கனை செல்லும் வழியில் உள்ள தெல்தெனிய என்ற சிறு பட்டணமும், அதைச் சூழ்ந்த தும்பறை மலைகளுமே போதும்.

பள்ளத்தாக்கில் சிங்கள விவசாயிகளின் கிராமங்கள். கடைத்தெருவில் முஸ்லிம் வணிகர். ரங்கல, ஹுன்னஸ்கிரிய பக்கத்து மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களின் லயங்களில் தமிழ்த் தொழிலாளர். ஒரே மழையில் நனைந்து, ஒரே சந்தையில் பொருள் வாங்கும் இம்மக்களை ஊராட்சியின் கணக்கேடு நெடுங்காலம் ஒன்றாக எழுதவில்லை.

1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, சொத்தோ கல்வியோ பாராத சர்வசன வாக்குரிமையைச் சிபார்சு செய்தது. 1931இல் அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். பிரிட்டனிற் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசியாவில் இலங்கையே இதில் முன்னோடி என்று நாம் பெருமை கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் பெருமையோடு சேர்த்து ஒரு நிபந்தனையையும் நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், தாம் இம்மண்ணில் நிலையாக வாழ்பவர் என்பதை நிரூபித்தால் மட்டுமே வாக்காளர் இடாப்பில் இடம்பெற முடிந்தது. அவ்வாறிருந்தும் 1931இல் சுமார் ஓர் இலட்சம் பேரும், 1939 அளவில் சுமார் இரண்டே கால் இலட்சம் பேரும் இடாப்பில் ஏறினர். ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரம் சபைக்குச் சென்று மந்திரியானார். 1936இல் அதே தொகுதியிலிருந்து கோ. நடேசையர் சென்றார். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கணக்கிடப்பட்ட மனிதன், முதன்முறையாக வாக்குச் சாவடியிலும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டான்.

அரசாங்க சபை தூரத்திலிருந்தது. பாதை போடுவதும், கிணறு வெட்டுவதும், சந்தையைப் பராமரிப்பதும் வாசலிலிருந்த கிராமச் சங்கத்தின் வேலை. அந்த வாசல் தொழிலாளிக்குத் திறக்கவில்லை.

கிராமச் சங்கங்கள் 1871இல் தேசாதிபதி ரொபின்சன் காலத்தில் பழைய கன்சபாவை அடியொற்றி அமைக்கப்பட்டவை. தோட்டத் தொழிலாளர் அவற்றுக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டிருந்தனர். 1937இல் உள்ளூராட்சி மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கிராமச் சங்க வாக்குரிமையை விரிவுபடுத்தும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரை வாக்கில்லாதிருந்த பலருக்கு அது வாக்களித்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளரை மட்டும் அது விலக்கியது. ஒரே நாட்டில், அரசாங்க சபைக்கு வாக்களிக்கத் தகுதியுள்ளவன் கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்கத் தகுதியற்றவனானான்!

இந்த விலக்கு இனப் பாகுபாடு அல்லவா என்ற ஆட்சேபம் எழுந்தது. இதற்குக் கண்ட பரிகாரத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். விலக்கு நீக்கப்படவில்லை, அதன் சொற்களே மாற்றப்பட்டன. இந்தியன் என்ற சொல் போயிற்று. எந்த இனத்தவராயினும், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளி என்றால் வாக்கில்லை என்றாயிற்று. தோட்டத்தில் வசித்த சிங்களத் தொழிலாளர் சொற்பம். ஆகவே சட்டத்தின் எழுத்தில் சமத்துவம் தோன்றிற்று. செயலில் ஓர் அணுவும் மாறவில்லை. உடன் உழைத்த சில சிங்களத் தொழிலாளியின் வாக்கும் இதனால் பறிபோனதுதான் மிச்சம். தமிழனை ஒதுக்குவதற்கு எழுப்பிய வேலி, வர்க்கத்தின் வேலியாகவும் அமைந்துவிட்டது.

மறுபக்கத்தின் அச்சத்தையும் நாம் கூறாமல் விடலாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைத் தொடர்ந்து, தும்பறை உள்ளிட்ட கண்டிப் பிரதேசத்தின் காடும் மேய்ச்சல் நிலமும் வெள்ளையரின் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலை வந்தது. நிலமிழந்த கண்டி விவசாயியின் வேதனை பொய்யல்ல. தோட்டத்து மக்களின் தொகையால் தன் கிராமச் சங்கமும் தன் கையைவிட்டுப் போய்விடுமோ என்று அவன் பயந்தான். ஆனால் அவன் நிலத்தைக் கொண்டவன் லயத்திலிருந்த கூலியாளா? லாபத்தை இலண்டனுக்கு அனுப்பிய கம்பனியல்லவா? கொண்டவனோடு போராட வேண்டிய கை, பக்கத்தில் நின்று கொழுந்து பறித்த கையைத் தட்டிவிட்டது. இந்தத் திசைதிருப்பலே மலையகத்தின் அரை நூற்றாண்டு அரசியலுக்கு வித்தாயிற்று.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1939 ஜூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அதன் சார்பில் சௌ. தொண்டமான், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை முதலிய எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. குடியுரிமை போயிற்று, அதன் நிழலாக வாக்கும் போயிற்று. 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தும் பயனில்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை இரு நாடுகளுக்கும் பங்கிட முற்பட்டது; அவர்களுள் ஒருவரிடமேனும் வாக்குச் சீட்டைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டாரில்லை.

1960இல் தெல்தெனிய ஒரு தனித் தேர்தல் தொகுதியாயிற்று. மாகாணங்களுக்கு இத்தனை தொகுதிகள் என்று பங்கிட்டபோது மொத்தச் சனத்தொகையே கணக்கிடப்பட்டது. குடியுரிமையற்ற தொழிலாளரும் அக்கணக்கில் அடங்கினர். அவர்களுடைய தலைகளால் மலைநாட்டின் ஆசனங்கள் பெருகின. அவ்வாசனங்களில் யார் அமர்வது என்று சொல்ல அவர்களுக்கு வாயில்லை.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம்: சீட்டில் என்ன கேட்கப்படுகிறது?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதே நாளில், இன்ன சட்டம் வேண்டுமா, இன்ன வரி வேண்டுமா என்ற வினாக்களும் வாக்காளர் முன் வைக்கப்படுகின்றன. கலிபோர்னியாவில் 1911 முதல், போதிய கையொப்பம் திரட்டிய மக்களே வினாவை எழுப்பலாம். சுவிட்சர்லாந்திலோ இம்முறை அதைவிடப் பழையது. எனினும் அந்த நாட்டில் 1971 வரை தேசிய வாக்கெடுப்புகளில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. பெண்ணுக்கு வாக்களிக்கலாமா என்று 1959இல் ஆண்களைக் கேட்டார்கள், ஆண்கள் மறுத்தார்கள். 1931இல் வாக்களித்த இலங்கைப் பெண்ணை விட அங்குள்ள சகோதரி நாற்பது ஆண்டுகள் காத்திருந்தாள். வினாக் கேட்கும் முறை எவ்வளவு சிறந்ததாயினும், யாரிடம் கேட்பது என்பதில் தவறினால் நீதி தவறிவிடுகிறது.

இலங்கையில் நாடு முழுவதுக்குமான இத்தகைய வாக்கெடுப்பு 1982 டிசெம்பர் 22இல் நடந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்பதே வினா. ஆம் என்பதற்கு விளக்கு. இல்லை என்பதற்குக் குடம். 168 ஆசனங்களில் 140ஐ வைத்திருந்த ஆளுங்கட்சி, அந்தப் பலத்தை இழக்க விரும்பவில்லை. அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' நாளேட்டின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. விளக்குக்கு 31,41,223 வாக்குகளும் குடத்துக்கு 26,05,983 வாக்குகளும் கிடைத்தன என்று அறிவித்தார்கள். புதிய பாராளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1989 வரை மக்கள் இழந்தார்கள். தம் வாக்கைக் கொண்டே தம் வாக்கை ஒத்திவைத்தார்கள்.

அதே டிசெம்பரில் தெல்தெனிய மக்களின் கண்ணெதிரே என்ன நடந்துகொண்டிருந்தது? மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை எழுந்துகொண்டிருந்தது. 122 மீற்றர் உயரம். 210 மெகாவாற் மின்சாரம். 1985 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் வந்து விழாவிற் கலந்துகொண்டார். அணையின் பயனை நாம் குறைத்துப் பேசவில்லை. நாட்டுக்கு ஒளியும் வயலுக்கு நீரும் வேண்டியவையே. அந்த நீரின் அடியில் தெல்தெனியவின் பழைய பட்டணம் மூழ்கிற்று. கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் வீடுகளும் போயின. மேட்டில் புதிய பட்டணம் எழுந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு.

பாராளுமன்றத்தின் ஆயுளைப் பற்றி விளக்கையும் குடத்தையும் காட்டிக் கேட்ட அரசாங்கம், அந்த மக்களின் ஊருடைய ஆயுளைப் பற்றி எந்தச் சின்னத்தைக் காட்டியும் கேட்கவில்லை. எவ்வளவு நட்டஈடு, எங்கே புது நிலம், எப்போது இடப்பெயர்வு என்பவை அலுவலகங்களில் முடிவாயின. மலைமேலிருந்த நாடற்ற தொழிலாளியோ, விளக்குக்கும் குடத்துக்கும் கூட உரியவனல்லன். பள்ளத்தாக்கில் இருந்தவனிடம் வேண்டாத வினா கேட்கப்பட்டது. மலையில் இருந்தவனிடம் எந்த வினாவுமே கேட்கப்படவில்லை.

மூன்றாவது வினா மிக அண்மைக் காலத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதில் விடுபட்டோருக்காக 2003இல் வந்த சட்டத்தாலும் மலையக மக்கள் குடியுரிமையை மீட்டுக்கொண்டனர். இதற்கிடையில், 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. தோட்டத்துத் தொழிலாளி வாக்களித்தான், வேட்பாளனாக நின்றான், உறுப்பினனாகவும் அமர்ந்தான். பழைய வேலி வீழ்ந்ததென்றே தோன்றிற்று. ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். தோட்டம் கம்பனியின் பொறுப்பிலுள்ள நிலமாம்; கிராமத்துக்கே சபையின் பாதையும் நீர்க்குழாயும் உரியனவாம். எனவே லயத்து வாக்கால் வென்ற உறுப்பினர் லயத்துக்குச் செல்லும் பாதையைச் சபையின் நிதியிற் செப்பனிட வழியின்றி நின்றார். 1938இல் வாக்காளனை வெளியே நிறுத்திய அதே வேலி, இப்போது வாக்கின் பலனை வெளியே நிறுத்திற்று. இதைத் திருத்த 31 ஆண்டுகள் சென்றன. 2018இல்தான் திருத்தச் சட்டம் நிறைவேறியது.

தென்னிந்தியாவின் மூணாறு மலைகளைப் பார்க்கட்டும். அங்கும் தமிழ்த் தொழிலாளரே, அங்கும் தேயிலையே. 2015இல் கூலிக்காகவும் போனசுக்காகவும் தெருவில் இறங்கிப் போராடிய பெண் தொழிலாளர், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அவ்வாண்டே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் வென்றார்கள். போராட்டக் களத்துக்கும் பஞ்சாயத்து மன்றத்துக்கும் இடையே அவர்களுக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன. இலங்கையிலும் 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சியில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் சட்டமாயிற்று. கொழுந்துக் கூடை சுமக்கும் பெண் அந்த இடத்தை நிரப்புகிறாளா என்று கேட்பது நம் கடமை.

2018 பெப்ரவரி 10இல் தெல்தெனியவில் மூவின மக்களும் உள்ளூராட்சிக்காக வாக்களித்தனர். ஒரு மாதம் செல்லுமுன், தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சாரதியின் மரணத்தைச் சாக்காக்கி, திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஒரே வரிசையில் நின்று வாக்களித்தால் மட்டும் அயலவர் ஆகிவிட முடியாது. ஒரே பாதைக்காக, ஒரே குடிநீருக்காக ஒன்றுசேர்ந்து குரல் எழுப்பும்போதே அயலவர் ஆகிறோம்.

அந்தக் குரலுக்குரிய மன்றத்தையும் எளிதிற் பூட்டிவிடுகிறார்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. மத்திய மாகாண சபைக்கோ 2013 செப்டெம்பரில் நடந்த தேர்தலின் பின், 2025ஆம் ஆண்டிலும் தேர்தல் வரவில்லை.

சீட்டைப் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டு போராடிய மக்கள், அத்துடன் ஓய்ந்துவிடலாகாது. சீட்டில் வரவேண்டிய வினாவை எழுதும் உரிமையும், தம் வாக்கின் பலன் தம் லயத்து வாசல்வரை வந்து சேரும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். அணை கட்டுவோர் முன்னதாகவே ஊரைக் கேட்கவேண்டும். தேர்தலை ஒத்திவைப்போர் மக்களிடம் அனுமதி பெறவேண்டும். சபையின் நிதி வேலி பார்த்து நிற்கலாகாது. தும்பறை விவசாயியும் தோட்டத்துத் தொழிலாளியும் கடைத்தெரு வணிகனும் இக்கோரிக்கைகளை ஒரே சபையில் ஒரே குரலில் எழுப்புவார்களானால், 1938இல் சொல்லை மாற்றிக் காப்பாற்றப்பட்ட அந்த வேலி நிற்பதற்கு இடம் இராது.