இடாப்பில் இல்லாத நிரல்: புத்தளக் கரையோரப் பாடசாலைச் சேர்வும் வடபுல முஸ்லிம்களும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பான்மையோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். ஆலங்குடா, தில்லையடி, பாலாவி எனக் கிடுகுக் கொட்டில்கள் எழுந்த இடங்களில் எல்லாம் அடுத்த கேள்வி பிள்ளைகளின் படிப்பு. விடுகைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் ஊரோடு போய்விட்ட பிள்ளையை எந்தத் தரத்தில் சேர்ப்பது?

நடைமுறையில் கிடைத்த விடை மாலைப் பாடசாலை. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்த வாங்கிலேயே பிற்பகலில் அகதிப் பிள்ளைகள் அமர்ந்தனர். கற்பித்தவர்களில் பலரும் கூடவே இடம்பெயர்ந்த ஆசிரியர்கள். மதிய வெயிலில் தகரக் கூரையின் கீழ் நடந்த அந்த ஏற்பாட்டைப் புகழ ஏதுமில்லை. ஆனால் ஆய்வாளருக்கு அதில் ஒரு வசதி இருந்தது: யார் இடம்பெயர்ந்தவர் என்பதை நேர அட்டவணையே காட்டிக்கொடுத்தது. பிள்ளைகள் பொதுவான பாடசாலைகளில் கலந்தபோது அந்த அடையாளம் மறைந்தது. பாடசாலைத் தொகைமதிப்பு இனம், சமயம், மொழிமூலம் என்று எண்ணுகிறது. மூன்றிலும் மன்னார்ப் பிள்ளையும் கற்பிட்டிப் பிள்ளையும் ஒன்றே: முஸ்லிம், இஸ்லாம், தமிழ்மூலம். ஆகவே இக்கரையோரச் சேர்வின் ஏற்றத்தை உள்ளூர்ப் பிறப்புவீதத்தின் விளைவாக வாசிப்பது பிழை.

மறுதலையான பிழையும் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் மன்னாரில் மீளப் பதிந்த குடும்பங்களைத் 'திரும்பியோர்' என எண்ணுவது அது. காணியைத் துப்புரவாக்கவும் பதிவைப் புதுப்பிக்கவும் தகப்பன் மன்னாரின் முசலிக்குப் போவார். தாயும் பிள்ளைகளும் புத்தளத்தில் இருப்பார்கள், க.பொ.த. உயர்தரம் முடியும்வரை. 1991இல் முதலாந்தரத்தில் சேர்ந்த பிள்ளை பதின்மூன்று தரங்களையும் போர் ஓயுமுன்பே இங்கு முடித்திருக்கும். அப்படி ஒரு தலைமுறை கடந்தபின், குடும்பம் எங்கே வாழ்கிறது என்பதற்கு வாக்காளர் இடாப்பைவிட வகுப்பு வரவு இடாப்பே நம்பகமான சாட்சி என்பது என் வாதம்.

இது வெறும் கணக்கு விவகாரமல்ல. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டங்களுக்கான பெரும்பங்கு சனத்தொகை விகிதப்படி பிரிகிறது. ஒரு மாவட்டத்தின் தலைக்கணக்கில் சேர்ந்தவர்கள் இன்னொரு மாவட்டத்து வகுப்பறையில் படித்தால், இடங்களின் எண்ணிக்கையும் போட்டியிடுவோரின் எண்ணிக்கையும் பொருந்தா. தங்கள் பிள்ளைகளின் இடம் பறிபோகிறது என்ற உள்ளூர்ப் பெற்றோரின் மனக்குறையை வந்தேறிகள் மீதான காழ்ப்பாக மட்டும் பார்ப்பது அவசரம். பரவலாக அகதிகளுக்குக் காணியும் கிணறும் கொடுத்தவர்களும் அவர்களே. தொகைமதிப்புப் படிவத்தில் பெற்றோரின் 1990க்கு முந்திய மாவட்டம் என்றொரு நிரல் சேர்ந்தால், அந்த மனக்குறையில் எவ்வளவு உண்மை என்பதைப் பாடசாலை பாடசாலையாகச் சோதிக்கலாம்.