தீவகத்துத் திருநாள்களும் திருமறைக் கேள்வியும்



யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குச் செல்பவர், மண்டைதீவுச் சந்தியைக் கடந்ததும் அல்லைப்பிட்டி என்னும் ஊரை அடைவர். அங்கே பிலிப்பு நேரியார் என்னும் புனிதரின் பெயரால் ஒரு கத்தோலிக்கக் கோயில் உண்டு. அப்பெயரை முதன்முறை கேட்டபொழுது எனக்கு வியப்பே மேலிட்டது. அந்தோனியாரும் யாகப்பரும் செபஸ்தியாரும் நம் கரையோரங்களிற் பழகிய பெயர்கள். 16ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த இந்த நேரியாருக்கும், கடலும் பனங்கூடலும் சூழ்ந்த இச்சிற்றூருக்கும் என்ன உறவு? அந்த வினாவைத் தொடர்ந்து சென்றால், தீவக மக்கள் திருமறையை எவ்வாறு கற்றார்கள் என்னும் நெடிய கதை விரிகிறது. அக்கதையையே இன்று சொல்ல விழைகிறேன்.

பிலிப்பு நேரியார் 1515ஆம் ஆண்டு புளோரன்சு நகரிற் பிறந்தவர். உரோமாபுரியில் அவருடைய அறையிலே மாலை வேளைகளிற் பலர் வந்து கூடுவர். ஒருவர் நூலொன்றை வாசிப்பார். கேட்டவர்கள் அதைப் பற்றி உரையாடுவர். பின்னர் பாட்டும் செபமும் நடைபெறும். குருமார் அல்லாத பொதுமக்களும் அங்கே எழுந்து பேசலாம். நாளடைவிற் கூட்டம் பெருகி, செபக்கூடம் என்னும் பொருளுடைய ‘ஒறற்றோறியம்’ என்ற பெயரோடு ஒரு சபையாயிற்று. 1575இல் பாப்பரசர் அதனை அங்கீகரித்தார். அச்சபையின் ஒழுங்கைத் தழுவிக் கோவாவிலே இந்தியக் குருமார் சிலர் ஒன்றுகூடினர். 1685இல் அவர்களோடு சேர்ந்தவரே யோசேவாஸ் அடிகள். அவருடைய சபையின் தந்தையாகிய நேரியாரின் பெயர் அல்லைப்பிட்டியில் ஒலிப்பதில் வியப்பில்லை.

ஆனால் அடிகளின் வருகைக்கு முன்னரே இங்கு திருநாள்கள் இருந்தன. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஊர்காவற்றுறையை அவர்கள் ‘காயிஸ்’ என்றனர். துறைமேடை என்பது அதன் பொருள். அச்சொல்லே பிற்காலத்தில் ஆங்கிலேயர் வாயிற் ‘கைற்ஸ்’ ஆயிற்று. அவர்கள் கட்டிய கோட்டைகள் இடிந்தும் உருமாறியும் போயின. விட்டுச்சென்ற சொற்களோ இன்றும் நம் நாவில் உள்ளன. கிறிஸ்து பிறப்பை நாம் ‘நத்தார்’ என்கிறோம். கோயிற் பணியாளரைச் ‘சங்கிலித்தாம்’ என்கிறோம். சிலுவை ‘குருசு’ ஆயிற்று. இவையெல்லாம் பாடசாலையிற் கற்ற சொற்கள் அல்ல. ஆண்டுதோறும் வரும் திருநாள்களிலே மக்கள் செவியிற் படிந்த சொற்கள்.

அக்காலத்திலேயே புனிதர் வரலாறு தமிழாகிவிட்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். அக்கரையில், முத்துக்குளித்துறையிலே, அன்றிக்கு அடிகளார் புனிதர்களின் வரலாறுகளைத் திருநாள் முறைப்படி தமிழில் எழுதி 1586இல் அச்சேற்றினார். 1647இல் கிளாலி யாகப்பர் கோயிலை முன்னிட்டுத் தொம் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். அம்மானை என்பது தனியே அமர்ந்து கண்ணால் வாசிப்பதற்கு உரியதன்று. பலர் கூடியிருக்க, ஒருவர் இராகத்தோடு படிக்க, ஏனையோர் கேட்பதற்கு உரியது. இந்தச் செய்தியை மனத்திற் கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் கோட்டை முதலில் வீழ்ந்தது. பின்னர் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. தீவுகளுக்கு அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்வ்ற்’ என்ற பெயர் மட்டும் ஆங்கில ஏடுகளில் இன்றுவரை நிலைத்துவிட்டது. அந்த டெல்வ்ற் நகரிலே 1632இற் பிறந்தவர்தாம் பிலிப்பு பல்தேயு பாதிரியார். ஒல்லாந்தரோடு யாழ்ப்பாணம் வந்து ஏழாண்டுகள் பணியாற்றிய அவர், 1672இல் வெளியிட்ட பெருநூலில் நம் கோயில்களையும் பாடசாலைகளையும் விரிவாக வருணித்துள்ளார்.

ஒல்லாந்தரின் ஒழுங்கு வேறு. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர்; அவர்களுக்கு இடங்கொடுப்பது குற்றமாயிற்று. நத்தாரும் பாஸ்குவும் அவர்களுக்கும் உண்டு. புனிதர்களின் திருநாள்களுக்கு மட்டும் இடமில்லை. பழைய கோயில்களே பாடசாலைகளாயின. பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனனஞ்செய்து ஒப்புவிக்க வேண்டும். வராதவர் வீட்டாருக்குத் தண்டம். பிறப்பும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு இந்த ஏற்பாட்டின் திட்பத்தை மெச்சாதிருக்க முடியவில்லை. ஆயினும் வரவு இடாப்பிற் பெயரிருப்பதும் உள்ளத்திற் பாடம் பதிவதும் ஒன்றல்ல என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். வேதநூலைத் தமிழாக்கும் பணியில் அவர்கள் உண்மையாகவே உழைத்தனர் என்பதையும் மறைத்தலாகாது. பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிஞரின் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. அவ்வாறிருந்தும் ஆட்சி மாறியபொழுது ஒல்லாந்தரின் சபை தீவகத்தில் நிலைக்கவில்லை. தடுக்கப்பட்ட திருநாள்களே நிலைத்தன.

1687இல் யோசேவாஸ் அடிகள் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். சில்லாலையைத் தங்குமிடமாகக் கொண்டு இரவு வேளைகளில் மக்களைச் சந்தித்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்திலே பூசைக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் வளைத்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், அடிகள் பிடிபடவில்லை. ஒல்லாந்தரின் சபையிலிருந்து கத்தோலிக்கராக மாறியிருந்த தொம் பேதுரு என்பவர் கசையடியால் உயிர்துறந்தார். மேற்சொன்ன புலவர் வேறு, இவர் வேறு. இதற்கு ஆணையிட்ட வான் ரீடே என்னும் அதிகாரிதான், மலையாள நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து 12 தொகுதிகளில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற அரிய நூலை உருவாக்கியவர். ஒவ்வோர் இலையின் நரம்பையும் ஓவியமாக்கச் செய்தவருக்கு, ஓர் இரவுப் பூசையைப் பொறுக்க இயலவில்லை.

அடிகள் 1711இல் கண்டியில் இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் என் கருத்தில் அவர் செய்த பெருஞ்செயல் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. குரு ஓர் ஊருக்கு ஆண்டிலொரு முறை வருவதே அரிது. ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவர் ஏற்படுத்தினார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்லுவித்தல், சிறுவர்க்கு ஞானபோதகம் கற்பித்தல், திருநாளை அறிவித்தல் ஆகியன இவர்கள் கடமை. நேரியாரின் உரோமாபுரி அறையிலே பொதுமக்கள் எழுந்து வாசித்ததற்கும், நம் ஊர் அண்ணாவியார் ஓலைக்கொட்டிலில் நின்று வாசித்ததற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

வாசிப்பதற்கு நூல் வேண்டுமல்லவா? 1705இல் வந்து சேர்ந்த சாங்கோபாங்க அடிகள் என்னும் யாக்கோமே கொன்சால்வெஸ் அக்குறையைப் போக்கினார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் நூல்கள் பல இயற்றினார். ஞாயிறு திருநாள்களில் வாசிக்கப்படும் நற்செய்திகளுக்குப் பொருள் கூறும் சுவிசேஷ விரித்துரையும், ஆண்டவரின் பாடுகளைக் கூறும் வியாகுலப் பிரசங்கமும் அவற்றுள் முதன்மையானவை. பிரசங்கம் என்பது பெயரேயாயினும் அது ஒப்பாரிச் சாயலோடு இராகமிழுத்துப் படிக்கப்படுவது. ஒன்பது பிரசங்கங்கள்; தவக்கால இரவுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். எங்கள் வளவுக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கும் இடையே ஒரு பனையோலை வேலியும் சிறு ஒழுங்கையுமே இருந்தன. பங்குனி இரவுகளில், காற்று அடங்கிய வேளையில், அந்த இராகம் வேலியைக் கடந்து வரும். சொற்கள் முழுவதும் விளங்கா. துயரம் மட்டும் விளங்கும். எங்கள் பாட்டனார் திண்ணையிலிருந்து கேட்டுவிட்டு, “அங்கேயும் படிப்பு நடக்குது” என்பார். அவர் சொன்ன ‘படிப்பு’ எது என்பது யாழ்ப்பாணத்தவர்க்கு விளங்கும். எங்கள் கோயிலிற் கந்தபுராண படனம் நடக்கும்பொழுது ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார், ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். வேலிக்கு இருபுறமும் நூல் வேறு. கற்கும் முறை ஒன்றே.

அடுத்த வளவில் வாழ்ந்த கத்தோலிக்க மூதாட்டி ஒருவரை நான் பெத்தாச்சி என்றே அழைப்பேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அவருடைய இளமையில் பூசை இலத்தீன் மொழியிலேயே நடந்தது. அதுவும் அவருக்கு விளங்கியிராது. ஆயினும் நற்செய்திக் கதைகள் அனைத்தும் அவர் நாவில் இருந்தன. நத்தாருக்கு மாட்டுக்கொட்டில், தை மாதம் மூவிராசாக்கள், மெழுகுதிரித் திருநாளுக்குக் குழந்தையைக் கையிலேந்திய முதியவர் சிமியோன், பெரிய வியாழனுக்குப் பாதங் கழுவுதல், ஆனியில் அருளப்பரும் இராயப்பரும். இப்படியே ஆண்டுச் சக்கரம் சுழலும். (இராயப்பர் வேறு, எங்கள் பாடசாலைத் தோழர்கள் சொன்ன பேதுரு வேறு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்! கத்தோலிக்கர் ஒரு பெயரையும் சீர்திருத்தச் சபையார் மற்றொன்றையும் வழங்கினர் என்பது பின்னரே தெரிந்தது.) இராவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் அகப்படாத கதையை அவர் சொல்லும்போது, “உன்ரை மாமாவுக்கும் நேற்று அப்பிடித்தான்” என்று தன் பேரனைப் பார்த்துச் சொல்வார். எந்த விரிவுரையாளரும் அப்பகுதிக்கு அதனினும் நல்ல உரை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

1806இல் ஆங்கிலேய அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைச் சட்டங்களை நீக்கியது. அதன்பின் திருநாள்கள் வெளிச்சத்துக்கு வந்தன. கொடியேற்றம், நவநாள், வேஸ்பர், திருநாட் பூசை, கூடு சுற்றுதல், இரவிலே தென்மோடிக் கூத்து என்று அவை விரிந்தன. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் நேர்மாறான வழியினர். நியூ இங்கிலாந்துத் தூய நெறியிலே வளர்ந்த அவர்களுக்குப் புனிதர் திருநாள்கள் உவப்பானவை அல்ல. அவர்கள் கொணர்ந்தவை அச்சிட்ட வேதநூலும் பாடசாலையும் ஆகும். காரைதீவு, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களில் அவர்தம் பள்ளிகள் எழுந்தன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே 1884இல் தொடங்கிய வாலிபர் கிறிஸ்தவ சங்கத்து மாணவர், தாம் வேதம் படித்ததோடு நில்லாமல், எழுவைதீவில் ஒரு பள்ளியையும் தம் பொறுப்பிற் கொண்டனர். கண்ணால் வாசிக்கும் பழக்கம் தீவகத்தில் வேரூன்றியதற்கு இவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதநூலைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அந்தப் பிரசங்க முறையையே சைவக் கோயிலுக்குக் கொண்டுசென்றார் என்பது நேயர்கள் அறிந்ததே.

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் பூசை தமிழாயிற்று; 1995இல் கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. இன்று ஞாயிறுதோறும் பொதுமக்களில் ஒருவர் மேடையேறித் திருமறையைத் தமிழில் வாசிக்கிறார். அண்ணாவியாரின் வாரிசு அவர்.

திருநாளென்றால் தீவகத்திற் கச்சதீவை விட்டுப் பேச முடியாது. குடிமக்கள் இல்லாத, குடிநீரும் அரிதான அத்தீவிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையார் அந்தோனியாருக்கு ஒரு சிறு கோயில் எடுத்தனர். அந்தோனியாரின் நாள் ஆனி 13. ஆனால் கச்சதீவுத் திருநாள் தவக்காலத்திலே, மாசி பங்குனியில் வருகிறது. நயினை அம்மனிடம் அடியாரை ஏற்றிச்செல்லும் அதே குறிகட்டுவான் துறையிலிருந்தே இங்கும் படகுகள் புறப்படும். 1974இன் உடன்படிக்கை தீவை இலங்கைக்கு உரியதாக்கியபோதும், இந்திய யாத்திரிகர் வந்துபோகும் வழக்கத்தைக் காத்தது. போர்க்காலத்திற் பல்லாண்டுகள் தடைப்பட்ட அத்திருநாள் மீண்டும் நடைபெறுகிறது. 2016 டிசம்பரிற் புதிய கோயிலும் திறக்கப்பட்டது. முதல்நாள் மாலையில் இருகரைத் தமிழரும் சேர்ந்து சிலுவைப்பாதை செய்வர். பதினான்கு நிலைகள், பதினான்கு வாசகங்கள்.

அல்லைப்பிட்டிக்குத் திரும்புகிறேன். 1990இன் பின் தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. 2006 ஆகஸ்டில் பிலிப்பு நேரியார் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அதே மாதத்திற் பங்குக் குருவானவர் காணாமற்போனார். இடப்பெயர்வின்போது மக்கள் சொரூபங்களைச் சுமந்து சென்றனர். கொப்பிகளைச் சிலரே சுமந்தனர். வியாகுலப் பிரசங்கத்தின் சொற்கள் அச்சில் உள்ளன. இராகம் எந்த அச்சிலும் இல்லை. அது படித்தவர்களின் தொண்டையில் இருந்தது. அவர்களுட் பலர் கனடாவிலும் பிரான்சிலும் கண்மூடிவிட்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தவக்கால மாலையில், எங்கள் ஒழுங்கையால் நடந்துகொண்டிருந்தேன். என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி கோயில் விறாந்தையில் அமர்ந்து, கைத்தொலைபேசியைச் செவியருகே பிடித்திருந்தாள். கனடாவிலிருந்து ஒரு முதியவர் பாடி அனுப்பிய ஒலிப்பதிவு அது. இருமலுக்கிடையே அவர் ஓர் அடியைப் பாடுவார். இவள் நிறுத்தித் தான் பாடிப் பார்ப்பாள். மூன்றாம் பிரசங்கத்தில் ஓரிடம் அவளுக்குப் பிடிபடவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து சிறுவயதிற் கேட்ட நினைவைக் கொண்டு, “அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் இழுக்க வேணும், பிள்ளை” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.