கிளிஞ்சலும் சாம்பலும்

போன வருஷம் ஆன்லைனில் ஒரு பி.எச். மீட்டர் வாங்கினேன். பேனா சைஸ்தான். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கானது. அதை எடுத்துக்கொண்டு காட்டுப்பள்ளிக்குப் போனேன். கொசஸ்தலையாற்றின் கரையில் குந்தி, விடியற்காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை. மதியம் கூடியிருந்தது. மீட்டர் மட்டமான சரக்கு என்றுதான் முதலில் தோன்றியது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். "இன்னா தம்பி சொல்லுது மிசினு?" என்றார்.

"காலையில ஒண்ணு சொல்லிச்சு, இப்ப வேற சொல்லுதுண்ணே."

"காலையில இருந்த தண்ணியா மதியம் இருக்கும்?"

அவர் சொன்னதுதான் வேதியியல். பகலில் நீர்ப்பாசிகள் வெயிலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். அமிலம் குறையும், எண் ஏறும். இரவில் உறிஞ்ச ஆளில்லை. ஆனால் நண்டு, மீன், பாசி, சேற்றுக் கிருமி எல்லாமே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகும், எண் இறங்கும். இதற்கு மேல் ஓதம் ஏறுவது, வற்றுவது, மழைத் தண்ணீர் வருவது என்று கழிமுகம் ஒரே நாளில் பலமுறை ஆள் மாறுகிறது.

பி.எச். என்ற அளவை 1909இல் உண்டாக்கியவர் டென்மார்க்கின் சோரன்சென். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். இது மடக்கை அளவு. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். தொழிற்புரட்சிக்கு முன்னால் கடலின் மேற்பரப்பு சராசரியாக 8.2இல் இருந்தது. இப்போது 8.1. வெறும் 0.1தானே என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்பதே இதன் பொருள். நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் செய்த வேலை இது. 'கடல் அமிலமாதல்' என்ற சொல் 2003இல்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

அப்படியென்றால் ஒரு கேள்வி வருகிறது. கழிமுகம் ஒரு நாளில் ஆடும் ஆட்டம் இந்த 0.1ஐ விடப் பெரிது. பிறகு நாம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோம்?

என் தொழிலில் பஃபர் என்று ஒரு சொல் உண்டு. திடீரென்று வந்து குவிவதைத் தாங்கிக்கொள்ள ஒதுக்கி வைக்கும் இடம். வேதியியலிலும் அதே சொல், கிட்டத்தட்ட அதே பொருள். கடல்நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் வருகிற அமிலத்தை வாங்கி விழுங்கிவிடும். கழிமுகத்துக்கு இந்தத் தாங்குதிறன் பெருமளவு கடலிலிருந்து, ஓதத்தோடு, திறந்த முகத்துவாரம் வழியாக வருகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளியின் கடந்த ஐம்பது வருட வரலாற்றை அந்தத் தாங்குதிறன் துண்டு துண்டாகச் செலவான வரலாறாக நான் படிக்கிறேன்.

அதற்கு முன்னால் கிளிஞ்சல். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். கடலிலிருந்து கார்பனேட்டை எடுத்து மட்டியும் சிப்பியும் கட்டிக்கொண்ட வீடு. அதை மனிதர்கள் பொறுக்கிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பழைய மதராஸின் சுவர்கள் பளிங்கு மாதிரி மின்னியதற்குக் காரணம் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் பட்டணம் வருவதற்கு வழியாக இருந்தது கால்வாய். 1806வாக்கில் எண்ணூர் வரை வெட்டப்பட்ட அது முதலில் காக்ரேன் கால்வாய். 1876-78 தாதுவருஷப் பஞ்ச நிவாரண வேலையில் நீட்டப்பட்ட பிறகு பக்கிங்காம் கால்வாய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்பையே முயன்று பார்த்தார். இந்தத் தண்ணீர் ஓடு கட்டுவதற்கு ஏற்ற தண்ணீர் என்பது அன்று அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது.

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம். பிறகு வல்லூர். 2001இல் எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. அடுத்த சில வருடங்களில் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம்பெயர்ந்தது. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்திடம் போனது. சுமார் 330 ஏக்கரை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய்க் கசிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தது.

எல்லாவற்றையும் 'அமிலமாதல்' என்ற ஒரே சொல்லில் அடைக்க முடியாது. பல வகைச் சாம்பல் தண்ணீரைக் காரப் பக்கம் இழுக்கும். ஆக, குழாய் உடைந்து சாம்பல் கொட்டிய இடத்தில் என் மீட்டர் 'நல்ல' எண்ணைக் காட்டினாலும் காட்டும்! ஆனால் அந்தச் சாம்பல் படுகையை மேடாக்கும். ஆழம் குறையும், ஓதம் உள்ளே வருவது குறையும். சாக்கடையும் ஆலைக் கழிவும் தேங்கி அழுகும்போது ஆக்சிஜன் தீரும், கார்பன் டை ஆக்சைடு சேரும். எண் சரிந்தால் சேற்றில் ஒட்டிக்கிடக்கும் சில உலோகங்கள் கரைந்து தண்ணீருக்குள் வரும். ஒரு கை காரம் போடுகிறது, இன்னொரு கை அமிலம் போடுகிறது. நடுவில் நின்று சமன் செய்யவேண்டிய கடல் உள்ளே வர வழியில்லை.

"ஓடு வைத்த உயிரெல்லாம் அழிந்துவிடும்" என்று எழுதி முடிக்கவும் முடியாது. இங்கே இப்போது படுகை முழுக்கப் பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருப்பது ஓடு வைத்த உயிர்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கடல்மட்டி. மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். மஞ்சள் மட்டி இருந்த இடம், இருளர்கள் கையால் தடவி இறால் பிடித்த சேறு, எல்லாம் அதன் அடியில் போய்விட்டது. கெட்டுப்போன தண்ணீரில் ஓடு கட்டுவது நிற்கவில்லை. யார் கட்டுகிறார்கள் என்பது மாறியிருக்கிறது.

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் 2007வாக்கில் ஒரு சிப்பிப் பண்ணையில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆழத்திலிருந்து மேலே வந்த அமிலம் கூடிய நீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தொடர்ந்து அளந்தார்கள், எண் சரியும் நேரத்தில் தொட்டியில் சலவைச் சோடாவைக் கலந்தார்கள். பண்ணை பிழைத்தது. ஆனால் தொட்டியில் சோடா போடலாம், கொசஸ்தலையாற்றில் போட முடியாது. அதற்கான சோடா கடல்தான்.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு தயக்கம் உண்டு. என் அப்பா ஓர் அனல்மின் நிலையத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கொதிகலனுக்குள் போகும் தண்ணீரின் பி.எச். கொஞ்சம் பிசகினாலும் குழாய் அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் அளந்து ரெஜிஸ்டரில் எழுதுவார். அந்தச் சம்பளத்தில்தான் என் இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டப்பட்டது. நான் இன்று வைத்திருக்கும் லேப்டாப் வரைக்கும் அந்தக் கொதிகலனின் கடன் இருக்கிறது. வேலிக்கு உள்ளே இருந்த தண்ணீருக்கு அத்தனை கவனிப்பு.

அன்று ராத்திரி போனில் அப்பாவிடம் இரண்டு எண்களையும் சொன்னேன். என்ன நினைப்பாரோ என்று இருந்தது.

"எத்தனை மணிக்கு எடுத்தே? ஓதம் ஏத்தமா, வத்தமா?"

காலையில் எடுத்தபோது ஓதம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை.

"ஒரு ரீடிங்கை நம்பாதடா. ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதணும். வருஷக்கணக்கா எழுதணும்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கும் ஒரு ரெஜிஸ்டர் போட்டிருக்கலாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நீளமான நோட்டோடு போனேன். நேரம், ஓதம், முகத்துவாரம், எண் என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். வலைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து எந்தப் பக்கம்னு போட இடம் வுடலியே" என்றார். ஐந்தாவது கட்டம் போட்டேன்.