ஆர் என்றால் ஆர்?

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் பால் காய்ச்சுகிறார்கள். பால் பொங்கிய பிறகுதான் பெட்டி படுக்கையெல்லாம் உள்ளே வரும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் புள்ளிவிவரக் கணக்குப் போட உட்காருகிறவர்களுக்கும் இப்படி ஒரு சடங்கு உண்டு. முதலில் 'ஆர்' என்ற கணிப்பு மொழியை இறக்கி நிறுவவேண்டும். அடுத்தது 'ஆர்ஸ்டூடியோ'. அது எழுதுவதற்கு வசதியான மேஜை மாதிரி. மொழி இல்லாமல் மேஜையை மட்டும் வாங்கிப் போட்டால் அது ஒரு கணக்கும் போட்டுத் தராது. பிறகு, அவரவர் வேலைக்கு வேண்டிய உபகரணப் பொட்டலங்கள். பொட்டலத்தைக் கொண்டுவந்து வைப்பது ஒரே தடவை. ஆனால் வேலைக்கு உட்காரும் ஒவ்வொரு தடவையும் அதைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். கடைசியில் இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்கிறோம். நான்கு என்று பதில் வந்துவிட்டால் பால் பொங்கிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் சேர்ந்து அரைமணி நேர வேலை. காலணாச் செலவில்லை. அந்தக் காலணாவும் இல்லாமற் போனதற்குத்தான் ஒரு சரித்திரம் இருக்கிறது.

அமெரிக்காவில், நியூஜெர்ஸியின் மர்ரே ஹில் என்ற இடத்தில் இருக்கிறது பெல் ஆராய்ச்சிக்கூடம். 1947-ல் டிரான்ஸிஸ்டர் பிறந்த இடம் அது. 1970-களில் அங்கே இருந்த புள்ளிவிவர நிபுணர்களுக்கு ஒரு சங்கடம். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய அருமையான கணக்கு முறைகள் அவர்களிடம் ஏராளமாக இருந்தன. ஆனால் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் ஒரு முழு புரோகிராம் எழுதியாக வேண்டும். ஒரு தம்ளர் வெந்நீருக்குத் தோப்புக்குப் போய் விறகு வெட்டி வந்த கதைதான். ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர் முதலியவர்கள் 1976-ல் ஒரு புது மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். கேள்வியைத் தட்டினால் உடனே விடை. விடையைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி. அந்த மொழிக்கு 'எஸ்' என்று பெயர்.

முதல் எஸ், ஹனிவெல் கம்பெனியின் பெரிய யந்திரம் ஒன்றில் குடியிருந்தது. அதை விட்டு வெளியே வந்தால் அதற்குப் பிழைப்பில்லை. ஆகவே, புது யந்திரத்தில் குடியேறுவது எப்படி என்ற கவலை அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1970-களின் இறுதியில், அதே ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸுக்கு ஏற்றபடி எஸ்ஸை மாற்றியமைத்தார்கள். யூனிக்ஸ் பல யந்திரங்களில் ஓடியது. அதன் தோளில் ஏறி எஸ்ஸும் ஊர் ஊராகப் போயிற்று. 1988-ல் 'எஸ்-பிளஸ்' என்ற பெயரில் கடைச்சரக்காகவும் வந்துவிட்டது.

இனிக் காட்சி நியூசிலாந்துக்கு மாறுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து சர்வகலாசாலையில் புள்ளிவிவரம் போதித்தவர்கள் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும். அவர்களுடைய மாணவர்கள் பழகும் கூடத்தில் இருந்தவை மாக்கின்டாஷ் கம்ப்யூட்டர்கள். அவற்றில் ஓடக்கூடிய சாதனம் எதுவும் இரண்டு ஆசிரியர்களுக்கும் திருப்தியாக இல்லை. நாமே ஒன்று செய்துவிட்டால் என்ன என்று துணிந்தார்கள். உள்ளமைப்பை ஸ்கீம் என்ற மொழியிலிருந்தும், வெளித்தோற்றத்தை எஸ்ஸிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே. ஆங்கில நெடுங்கணக்கில் எஸ்ஸுக்கு முன்னால் நிற்பதும் அதுவே. 'ஆர்' என்று பெயர் வைத்தார்கள்.

நம் பெரியவர்கள் 'யார்' என்பதை 'ஆர்' என்பார்கள். அதனால் அந்தப் பெயர் நம் காதில் ஒரு கேள்வியாகவே விழுகிறது. அது ஆருடையது? அன்றைக்கு அது நிஜமாகவே முடிவாகாத கேள்விதான். 1993 ஆகஸ்டில் இருவரும் சில பிரதிகளைப் பொதுவில் வைத்தார்கள். ஓடுகிற பிரதி மட்டுந்தான், மூலம் வெளிவரவில்லை. பலகாரம் கிடைக்கும், பக்குவம் கிடைக்காது என்ற நிலை. ஜூரிச்சில் இருந்த மார்ட்டின் மெஹ்லர் என்ற புள்ளிவிவர அறிஞர் அதை உபயோகித்துப் பார்த்தார். மூலத்தையே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள் என்று வாதாடினார். அவர்களுக்குத் தயக்கம் இல்லாமல் இல்லை. உழைத்தவர்களுக்குத்தானே தெரியும் உழைப்பின் அருமை! ஆனாலும் 1995 ஜூனில் கொடுத்துவிட்டார்கள்.

வெறுமனே கொடுத்துவிடவில்லை, ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்கள். யாரும் உபயோகிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கிறவர், தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். ஊருணியில் யாரும் குடம் நிரப்பலாம்; யாரும் வேலி கட்டக்கூடாது என்பது போல.

வேலி இல்லாத இடத்துக்கு ஜனங்கள் வந்தார்கள். 1997-ல் வியன்னாவில் குர்ட் ஹோர்னிக், ஃப்ரிட்ஸ் லைஷ் இருவரும் பொட்டலங்களைச் சேர்த்துவைக்க 'க்ரான்' என்ற களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். இன்று அதில் இருப்பவை 20,000-க்கும் மேல். 2000 பிப்ரவரி 29-ல் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. எஸ்ஸைப் பெற்றெடுத்த ஜான் சேம்பர்ஸே பின்னர் ஆர் குழுவில் வந்து சேர்ந்தார். தம் குழந்தையின் சாயல் தெரிந்த வேறொரு குழந்தையைப் போட்டியென்று அவர் ஒதுக்கவில்லை.

புதுக் கம்ப்யூட்டரில் ஆரைத் திறந்தவுடன் சில வரிகள் தோன்றும். இது சுதந்திரமான சாதனம், இதற்கு எந்தவித உத்தரவாதமும் கிடையாது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிறருக்கு வழங்கலாம் என்று அவை சொல்லும். அவசரக்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அடுத்த தடவை சற்று நின்று அவற்றைப் படித்துப் பாருங்கள். ஆக்லாந்தில் இரண்டு வாத்தியார்கள் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்ட தானப் பத்திரம் அது.