கர்ப்பமா இருக்கீங்க, வீட்டுல பூனையும் இருக்கா? விரட்ட வேண்டாம்... இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வீட்டுல ஒரு பொண்ணு மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் முதல் ஆபத்து பூனைக்குத்தான். "முடி வயித்துக்குள்ள போயிடும்", "பாப்பாவுக்கு ஆகாது"ன்னு ஆளாளுக்குச் சொல்ல, கோணிப்பையில போட்டு ஊருக்கு வெளியே விட்டுட்டு வந்துடுவாங்க. பூனை முடிக்கும் வயித்துல இருக்கிற குழந்தைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா, பூனையோட மலத்துக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் உண்டு. விஷயம் இவ்வளவுதான். இதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டா பூனையும் வீட்டுல இருக்கலாம், நீங்களும் நிம்மதியா இருக்கலாம்.

அந்த மலத்துல இருக்கக்கூடிய ஒட்டுண்ணியோட பேரு டாக்ஸோபிளாஸ்மா. 1908-ல துனிசியாவுல ஒரு எலி வகைப் பிராணிக்குள்ள இதைக் கண்டுபிடிச்சாங்க. பூனைதான் இதைப் பரப்புதுன்னு உறுதியாத் தெரிய மேலும் 60 வருஷம் ஆச்சு. ஆடு, கோழி, பன்றி, மனுஷன்னு எல்லார் உடம்புலயும் இது இருக்கும். ஆனா, முட்டை மாதிரியான அதோட உருவம் உருவாகுறது பூனைக் குடும்பத்தோட குடலுக்குள்ள மட்டும்தான்.

எலியையோ பச்சைக் கறியையோ தின்னும்போது பூனைக்கு இது தொத்திக்கும். அதுக்கப்புறம் ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் வரைக்கும் மலத்துல லட்சக்கணக்குல வெளியே வரும். பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் இப்படி. அதனால வளர்ந்த வீட்டுப் பூனையைவிட, புதுசா வேட்டையாடக் கத்துக்கிற குட்டிகிட்டதான் அதிக கவனம் தேவை. பழைய பூனையை விரட்டிட்டு, அஞ்சாம் மாசத்துல பாவமேன்னு ஒரு தெருக்குட்டியைத் தூக்கிட்டு வர்றது தலைகீழான வேலை!

இன்னொரு முக்கியமான விஷயம். மலம் வெளியே வந்த உடனே அது தொத்தாது. ஒண்ணுலேர்ந்து அஞ்சு நாள் கழிச்சுதான் நோய் பரப்பும் நிலைக்கு வரும். அதனால லிட்டர் பாக்ஸை தினமும் சுத்தம் பண்ணினாலே பாதி ஆபத்து போயிடும். அந்த வேலையை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடுங்க. வேற ஆளே இல்லைன்னா கையுறை போட்டுக்கிட்டு, தூசி கிளம்பாம அள்ளி, கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. பினாயில், பிளீச்சிங் பவுடரையெல்லாம் நம்பாதீங்க, இந்த முட்டை அதுக்கெல்லாம் அசராது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தி ஊறவிட்டுக் கழுவுறதுதான் சரி.

லிட்டர் பாக்ஸே இல்லாத ஊர்ல?

அபார்ட்மென்ட்டுக்கு இது போதும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை மாதிரி இடத்துல கதை வேற. சாமையும் கேழ்வரகும் சேத்து வைக்கிற வீடுகள்ல பூனை செல்லப்பிராணி மட்டும் இல்லை, எலிக்காவலும் அதுதான். விரட்டினா எலி வரும், எலியோட எலிக்காய்ச்சல் பயமும் வரும். அங்க பூனைக்குத் தனி டப்பா கிடையாது. சாம்பல் மேடு, தோட்டத்து மண், மிளகுக் கொடிக்கு அடியில இருக்கிற நிழல்னு எங்க மண்ணு பொதுபொதுன்னு இருக்கோ அதுதான் அதுக்குக் கழிப்பறை. ஈரமான, குளிர்ச்சியான மண்ணுல இந்த முட்டை ஒரு வருஷத்துக்கு மேலகூட உயிரோட இருக்கும். காட்டுப்பூனையும் இதே வேலையைச் செய்யும்கிறதால, பூனை வளர்க்காத வீட்டுக்கும் இது பொருந்தும்.

மாசமா இருந்தாலும் களை எடுக்காம, கீரை பறிக்காம இருக்க முடியாது. கையுறை இல்லைன்னா கையில ஒரு பிளாஸ்டிக் கவராவது கட்டிக்கோங்க. மண் கையோட வெத்தலையோ தின்பண்டமோ வாயில போடாதீங்க. கீரை, கொத்தமல்லி, பச்சையா சாப்பிடுற காயெல்லாம் ரெண்டு மூணு தண்ணியில அலசணும்.

ஊத்துத் தண்ணி, ஓடைத் தண்ணியையும் கொதிக்கவெச்சுக் குடிங்க. இதுக்குத் தமிழ்நாட்டுலயே ஒரு அனுபவம் இருக்கு. 2004-05-ல கோயம்புத்தூர்ல நூத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு இந்த ஒட்டுண்ணியால விழித்திரை பாதிச்சது. சிகிச்சை கொடுத்த கண் மருத்துவர்கள் சந்தேகப்பட்டது குடிநீரைத்தான்.

கறியும் அப்படித்தான். 2000-ல வெளிவந்த ஒரு ஐரோப்பிய ஆய்வுல, கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று வர்றதுக்குப் பெரிய காரணமா இருந்தது சரியா வேகாத கறி. மண் அதுக்கு அடுத்துதான். பூனை வளர்க்கிறது காரணப் பட்டியல்லயே வரலை! கொல்லிமலை டூர் போய் தீயில வாட்டின நாட்டுக்கோழியை ஆசையா கேக்குறவங்க, எலும்பு ஓரத்துல சிவப்பு தெரியுதான்னு பார்த்துட்டுச் சாப்பிடுங்க. பூனைக்கும் பச்சைக் கறி வேண்டாம், வேகவெச்சே போடுங்க.

டெஸ்ட்ல 'பாசிட்டிவ்' வந்தா?

உங்களுக்கு இது ஏற்கெனவே எப்பவோ வந்து போயிருந்தா, உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கும், குழந்தைக்குப் பொதுவா பயமில்லை. கர்ப்ப காலத்துல முதல்முறையா தொத்தினாதான் பிரச்னை. முதல் மூணு மாசத்துல குழந்தைக்குப் போற வாய்ப்பு குறைவு, ஆனா போனா பாதிப்பு பெருசு: கருச்சிதைவு, தலையில நீர் கோத்தல், மூளை, கண் பாதிப்பு. கடைசி மாசங்கள்ல போற வாய்ப்பு அதிகம், பாதிப்பு பெரும்பாலும் லேசு. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது ஒண்ணும் தெரியாது, வருஷங்கள் கழிச்சு கண்ணுல தெரியவரும். அம்மாவுக்கோ பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. மிஞ்சினா லேசான காய்ச்சல், கழுத்துல நெறிகட்டு.

லேப்ல எடுக்கிற டார்ச் டெஸ்ட்டுல ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ்னா, பெரும்பாலும் அது பழைய தொற்று. ஐஜிஎம் பாசிட்டிவ்னாலும் பதற வேண்டாம், அது மாசக்கணக்குல ரத்தத்துல தங்கும், சில நேரம் தப்பாவும் காட்டும். தொற்று எப்போ வந்ததுன்னு சொல்ல 'அவிடிட்டி'ன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு. அந்த ஒரு ரிசல்ட்டை கூகுள்ல போட்டுப் பார்த்துட்டு கருவைக் கலைக்கிற முடிவுக்குப் போயிடாதீங்க. புதுத் தொற்றுன்னு உறுதியானா ஸ்பைராமைசின் மாதிரி மருந்துகள் இருக்கு. எதை, எந்த மாசத்துல கொடுக்கணும்கிறதை மகப்பேறு மருத்துவர்தான் முடிவு பண்ணணும். மலையில இருக்கிறவங்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒரு நாளே போயிடும். அதனால முதல் செக்கப்லயே வீட்டுல பூனை இருக்கு, தோட்ட வேலை செய்றேன்னு சொல்லிடுங்க.

பூனை கடிச்சாலோ பிறாண்டினாலோ அது வேற கணக்கு. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ரேபிஸ் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கலாம், தள்ளிப்போடக் கூடாது.