யூதேயாவா, மயிலாப்பூரா? ஓர் ஆண்டுக் குறிப்பின் பாடபேதம்

விவிலிய பூமிக்கு யாத்திரை செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு 2011-இல் அறிவித்த நிதியுதவி, முதலில் நபருக்கு 20,000 ரூபாயாக இருந்து பின்னர் 37,000 ஆகவும், கன்னியாஸ்திரிகளுக்கு 60,000 ஆகவும் உயர்ந்ததைப் பலரும் அறிவர். அம்மாபேட்டையின் நெசவாளர் தெருவிலிருந்து மனுவும் கையுமாகச் சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்பவர் ஒருவர் தரிசிக்க விரும்பும் ஸ்தலங்கள் பெத்லகேம், எருசலேம், நாசரேத்து, யோர்தான், கலிலேயாக் கடல் ஆகியன. பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவரான தோமையாரின் கல்லறை என்று பாரம்பரியம் போற்றும் இடமோ, அவர் ஓரிரவில் ரயிலேறிச் சேரத்தக்க மயிலாப்பூரில் இருக்கிறது. இங்கிருந்து விவிலிய பூமிக்குக் கூட்டமாகச் செல்லும் வழக்கம் அண்மையது. மேற்கேயிருந்து இங்கே யாத்திரிகர் வந்த வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் விஷயம்.

இவ்விஷயத்தில் இன்றும் பலர் பின்பற்றும் முடிவைத் திருச்சூரின் விகார் அப்போஸ்தலிக்காவாக இருந்த மெட்லிகாட் ஆயர் 1905-இல் லண்டனில் வெளியிட்ட தம் நூலில் நிலைநாட்ட முயன்றார். ஆறாம் நூற்றாண்டில் தூர் நகரத்துக் கிரகோரியார் குறிப்பிடும் தியோடோர் என்பவர், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்பிரட் மன்னர் அனுப்பிய காணிக்கை தாங்கிகள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ ஆகிய அனைவரும் ஒரே மயிலாப்பூர்ச் சந்நிதியையே கண்டனர் என்றும், ஆகவே ஐரோப்பிய யாத்திரை இடையறாது இங்கே வந்துகொண்டிருந்தது என்றும் அவர் கருதினார். ஆயரின் உழைப்பு பெரிது. அவருக்குப் பின் எழுதியவர்களில் பலர் அவர் தொகுத்ததை எடுத்து ஆண்டவர்களே. ஆயினும் அவர் கோத்த மாலையில் நடுமணி போலியானது என்பதே என் கருத்து.

தியோடோரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் தோமையாரின் உடல் முன்பு இருந்த இடத்தில் ஒரு மடமும், வியக்கத்தக்க அளவுடைய ஆலயமும், எண்ணெயும் திரியுமின்றி எரியும் விளக்கும் உண்டென்று அவர் கூறியதாகக் கிரகோரியார் எழுதுகிறார். ஊரின் பெயரை எழுதவில்லை. அக்கால மேல்நாட்டார் எத்தியோப்பியாவையும் தென் அரேபியாவையும்கூட இந்தியா என்று வழங்கியதுண்டு. அன்றியும், விவிலிய ஸ்தலங்களைச் சுற்றிவந்த யாத்திரிகருக்குத் தோமையாரின் கல்லறை எதெஸ்ஸா நகரில் இருந்தது. கி.பி. 380-களில் சீனாய் மலையையும் எருசலேமையும் தரிசித்த எகேரியா என்னும் மாது, எதெஸ்ஸாவுக்குச் சென்று அவ்வப்போஸ்தலரின் சந்நிதியில் ஜெபித்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

இனி நடுமணி. ஆங்கில-சாக்சன் ஆண்டுக் குறிப்பேட்டின் 883-ஆம் ஆண்டுப் பதிவு, லண்டனில் பகைப்படையை எதிர்த்து நின்றபோது மன்னர் நேர்ந்துகொண்ட காணிக்கையைச் சிகெல்ம், ஏதல்ஸ்தான் என்னும் இருவர் ரோமாபுரிக்கும், அதற்கு அப்பால் தோமையார், பர்த்தலோமேயு ஆகியோரிடத்துக்கும் கொண்டு சென்றதாகக் கூறுகிறது. அவ்விடம் எது என்பதில்தான் சிக்கல். டி, இ என்று குறியிடப்படும் பிரதிகளில் ‘இந்தேயா’ என்றிருக்க, பி, சி பிரதிகளில் ‘யூதேயா’ என்றிருக்கிறது; மிகப் பழைய ஏ பிரதியிலோ இச்செய்தியே இல்லை. அக்கால எழுத்தில் ‘ந’கர ஒலிக்குரிய வடிவும் ‘உ’கரத்துக்குரிய வடிவும் இரண்டிரண்டு நேர்கோடுகளே ஆதலின், எழுதுவோன் கண் ஒருமுறை அயர்ந்தால் இந்தியா யூதேயாவாகும், யூதேயா இந்தியாவாகும்.

தோமையாருக்கும் பர்த்தலோமேயுவுக்கும் யூதேயாவில் புகழ்பெற்ற சந்நிதி எதுவும் இல்லை என்பதும், இருவரையும் பழைய பாரம்பரியம் இந்தியாவோடு இணைப்பதும் மெட்லிகாட் பக்கத்துக்கு வலிமை தருகின்றன. ‘இந்தேயா’வே மூலபாடம் என்று நானும் ஒப்புவேன். ஆனால் பதிவெழுதியவன் எந்த ஊரை நினைத்தான் என்பது ஒன்று. சென்றவர் எந்த ஊரை அடைந்தனர் என்பது வேறொன்று. மன்னரின் அரண்மனையிலேயே வாழ்ந்து அவர் சரித்திரத்தை எழுதிய ஆஸ்ஸர், எருசலேமின் பிதாப்பிதா அனுப்பிய கடிதங்களையும் பரிசுகளையும் தாம் கண்ணாரக் கண்டதாகப் பெருமையோடு சொல்கிறார்; இந்தியாவுக்குச் சென்று மீண்டவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீழ்த்திசையின் கோடியிலிருந்து ஒருவர் உயிரோடு திரும்பியிருந்தால் ஆஸ்ஸர் வாயடைத்து இருந்திருப்பாரா? மௌனத்தைச் சான்றாக்குவது பலவீனமான வாதம் என்று சொல்லப்படலாம். எதிர்த்தரப்பில் இருப்பது இரு கோடுகளின் வேற்றுமையே என்பதையும் அவ்வாறு சொல்வோர் கருத வேண்டும். சிகெல்ம் இரத்தினங்களோடு மீண்டதாகக் கூறும் மாம்ஸ்பரி வில்லியமோ பன்னிரண்டாம் நூற்றாண்டினர்; அவர் அச்சிகெல்மைப் பிற்காலத்து ஷெர்போர்ன் ஆயரோடு ஒன்றாக்கிவிட்டார். லண்டன் முற்றுகை 883-இல்தான் நடந்ததா என்பதும் ஐயத்துக்கு இடமானதே. 886 என்னும் ஆண்டையும் கருத வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஏடுகளைவிட உறுதியான சாட்சி பரங்கிமலையில் உள்ள கல்லாகும். 1547-இல் ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகையில் கிடைத்த சிலுவையைச் சுற்றியுள்ள பஹ்லவி எழுத்துக்களை 1873-இல் ஆராய்ந்த பர்னெல் அவற்றை விசுவாசப் பிரகடனமாகப் படித்தார். 1929-இல் விங்க்வொர்த் அதே வரியில் சிலுவையைச் செதுக்கியவருக்காக இரக்கம் வேண்டும் விண்ணப்பத்தைக் கண்டார். எது சரியாயினும், பாரசீகக் கிறிஸ்தவர் இங்கே வந்து வழிபட்டனர் என்பதற்குக் கல்லே சாட்சி. எப்போது என்பதைக் கல் சொல்லவில்லை. ஏழு, எட்டாம் நூற்றாண்டு என்னும் பர்னெலின் கணிப்பு எழுத்தின் வடிவை மட்டுமே நம்பியது. அதனை ஏற்கவும் மறுக்கவும் எனக்குத் துணிவில்லை.

மார்க்கோ போலோவின் கூற்றும் கல்லின் சாட்சிக்கு இயைகிறது. சிறிய ஊர், வணிகர் அரிதாக வருவது, ஆயினும் கிறிஸ்தவரும் சாராசெனியரும் (முகமதியரும்) யாத்திரை வருவர், அங்குள்ள செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுப்பர் என்கிறார். ஆங்கில மன்னரின் காணிக்கையை அங்கே எவரும் நினைவுகூர்ந்ததாக அவர் எழுதவில்லை. 1291-இல் வந்து பதின்மூன்று மாதம் இந்தியாவில் தங்கிய மோந்தெகொர்வினோ யோவானும், ஐரோப்பிய யாத்திரிகர் முன்னரே வந்துபோன தடத்தைக் குறிக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா அறிந்த அளவில், சிதைந்த ஆலயத்தில் பிச்சையெடுத்து விளக்கேற்றி வந்தவர் ஓர் ஏழை முகமதியர்.

பெயரும் ஆண்டும் தெளிவாகத் தெரியும் கூட்டு யாத்திரை 1517-இல் நிகழ்ந்தது. மலாக்காவிலிருந்து பழவேற்காட்டுக்கு வந்திறங்கிய போர்த்துக்கீசியரான தியோகு பெர்னாந்து முதலியோரை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்றவர் கோஜா எஸ்கந்தேல் என்னும் ஆர்மீனியர். வழியை ஐரோப்பியர் ஆர்மீனியரிடம் கற்றனர் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. அவ்வார்மீனியருக்கு எத்தனை தலைமுறைக்கு முன் யார் அதனைக் காட்டினர் என்பது பரங்கிமலைக் கல்லின் காலம் துணியப்படும் வரை துணியப்பட மாட்டாது.