லெசோத்தோ

ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நாற்புறமும் தென்னாப்பிரிக்கக் குடியரசால் சூழப்பட்ட மலைநாடு லெசோத்தோ. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 20 லட்சத்துக்குச் சற்று மேல். தலைநகர் மசேரு. ஒரே ஓர் அண்டை நாட்டுக்குள் முழுவதும் அடங்கிய நாடுகள் உலகில் மூன்றுதான். மற்ற இரண்டும் இத்தாலிக்குள் இருக்கும் வத்திக்கானும் சான் மரினோவும். இந்நாட்டின் மிகத் தாழ்வான இடம்கூடக் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிலம் முழுவதும் 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த தனிநாடு வேறு இல்லை.

நில அமைப்பு

அடித்தளம் மணற்பாறை. அதன்மேல் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து பரவிய எரிமலைக் குழம்பு, கரும்பாறையாக இறுகிக் கிடக்கிறது. மேற்கே இந்த மேல்தட்டு அரித்துப்போய் மணற்பாறை வெளிப்பட்டுவிட்டது. உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் நிற்கும் மஞ்சள் நிறக் குன்றுகள் அங்கேதான் உள்ளன. கிழக்கே மலோட்டி, டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர்கள். 3,482 மீட்டர் உயரமுள்ள தபானா ந்ட்லென்யானா, ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலேயே உயர்ந்த சிகரம்.

மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பெய்கிறது. ஜூன், ஜூலையில் மலைகளில் பனி விழும். உச்சிகளை ஒட்டிய சதுப்புப் புல்வெளிகள் மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களில் மெல்லக் கசியவிடுகின்றன. இங்கே பிறக்கும் செங்கு ஆறுதான் எல்லை தாண்டியதும் ஆரஞ்சு ஆறு என்று பெயர் மாறி, மேற்கே ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. உழவுக்கு ஏற்ற நிலம் மேற்கு எல்லையோரத் தாழ்நிலத்தில்தான் அதிகம். அங்கும் மழை மண்ணை அரித்து ஆழமான ஓடைப்பள்ளங்களை உண்டாக்கிவிட்டது.

வரலாறு

1820களில் தென்னாப்பிரிக்க உட்பகுதி போரிலும் பஞ்சத்திலும் சிதறிக் கிடந்தது. மொஷ்வேஷ்வே என்ற தலைவர் 1824இல் தம் மக்களுடன் தபா போசியு குன்றின்மேல் குடியேறினார். உச்சியில் ஊற்றும் மேய்ச்சலும் உண்டு. ஏறும் வழிகளோ சில. ஓடிவந்த பல குலத்தாரையும் அவர் சேர்த்துக்கொண்டார். இன்றைய பசோதோ மக்களினம் அப்படி உருவானது.

1865இல், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் படை குன்றைத் தாக்கியது. ஏற முயன்ற படைத்தலைவர் வெப்பனர் மாண்டார். குன்று விழவில்லை, ஆனால் வயல்கள் எரிந்தன. 1868இல் மொஷ்வேஷ்வே பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்றார். மறு ஆண்டு வரையப்பட்ட எல்லை, கலெடன் ஆற்றுக்கு மேற்கிலிருந்த வளமான விளைநிலங்களை அப்படியே போயர்களுக்கு விட்டுவிட்டது. மலை நாட்டைக் காத்தது உண்மை. சோறு போட்ட சமவெளியைக் காக்க அதனால் முடியவில்லை.

1871இல் பிரிட்டிஷாரின் கேப் காலனியுடன் இணைக்கப்பட்ட பசோதோக்கள், 1880இல் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது எதிர்த்துப் போரிட்டார்கள். கேப் அரசு சலித்துக் கைகழுவியது. 1884 முதல் பசூட்டோலாந்து என்ற பெயரில் நேரடியாக லண்டனின் ஆட்சி. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தபோது இந்நாடு அதில் கரையாமல் போனதற்கு அந்தத் துப்பாக்கிப் போரையே முதற்காரணமாகச் சொல்லலாம். 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை கிடைத்தது. அரசர் நாட்டின் தலைவர். ஆட்சி, பிரதமர் கையில்.

மக்களும் பொருளாதாரமும்

செசோதோவும் ஆங்கிலமும் நீண்டகாலமாக ஆட்சிமொழிகள். மலையூர்களில் பலரும் தடித்த கம்பளிப் போர்வை அணிகிறார்கள். ஆண்கள் வலது தோளிலும் பெண்கள் மார்பிலும் ஊக்கு குத்துவது வழக்கம். சாலை எட்டாத இடங்களுக்குக் குட்டையான பசோதோ மட்டக்குதிரைதான் வாகனம்.

பல தலைமுறைகளாக ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய் உழைத்தார்கள். அந்த வேலைகள் குறைந்தபின் ஆடைத் தொழிற்சாலைகள் பெண்களுக்கு வேலை தந்தன. 3,000 மீட்டருக்கு மேலுள்ள லெட்செங் சுரங்கத்தில் 2018இல் 910 காரட் வைரம் கிடைத்தது.

நாட்டின் பெருஞ்சரக்கு தண்ணீர். 1986 ஒப்பந்தப்படி கட்டப்பட்ட 185 மீட்டர் உயரக் கட்சே அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கக் கால்வாய் வழியே நீர் வடக்கே ஜோஹானஸ்பர்க் வட்டாரத்துக்குப் போகிறது. உயரம் இருப்பதால் தள்ளிவிட மோட்டார் தேவையில்லை; போகும் வழியில் முஎலாவில் மின்சாரமும் எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா இதற்கு உரிமைத்தொகை செலுத்துகிறது. அணைக்காக வயலையும் மேய்ச்சலையும் இழந்த மலையூர்களின் இழப்பீட்டுக் குறை மட்டும் தீர்ந்தபாடில்லை. திட்டத்தின் அடுத்த கட்டமாகப் பொலிஹாலியில் புதிய அணை எழுப்பப்படுகிறது.